ஸ்கோப்ஸ் வழக்கில் ஜெயித்தது யார்? பரிணாமம் கோர்ட்டுக்குப் போன கதையில் சில சந்தேகங்கள்

அரைகுறை வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். 1925-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கு, அதாவது "குரங்கு வழக்கு", பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுகிற கதை இதுதான்: பள்ளிக்கூடத்தில் பரிணாமம் நடத்திய ஆசிரியர்மேல் வழக்குப் போட்டார்கள், கிளாரன்ஸ் டாரோ என்ற பெரிய வக்கீல் வந்து எதிர்த்தரப்பைக் கூண்டில் ஏற்றி வறுத்தெடுத்தார், அறிவியல் ஜெயித்தது. ஆனால் தீர்ப்பைப் பார்த்தால் ஆசிரியர் குற்றவாளி, 100 டாலர் அபராதம், அந்தச் சட்டமும் 1967 வரை அப்படியே இருந்திருக்கிறது. இதில் ஜெயித்தது யார், எப்படி?

அதோடு இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, நீதிபதி உயிரியல் படித்தவர் இல்லை. அவர் எப்படி இது அறிவியல், இது அறிவியல் இல்லை என்று தீர்ப்பு எழுத முடியும்? மற்றது என் நண்பன் கேட்டது. நல்ல பக்தன், முட்டாள் கிடையாது. "வரி கட்டுவது பெற்றோர், படிப்பது அவர்கள் பிள்ளைகள், அவர்களில் பெரும்பான்மையினர் வேண்டாம் என்று சொல்கிற பாடத்தை நடத்தியே தீருவேன் என்று சொல்ல இந்த ஆசிரியர் யார்?" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கடவுள் உண்டா இல்லையா என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம், அதற்கு ஏற்கெனவே நாலு இழைகள் ஓடுகின்றன.

பழைய பேப்பர்:

முதல் சந்தேகத்துக்கு நான் வருகிறேன், மற்றதைச் சட்டம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

டென்னசியின் டேட்டன் என்ற சிற்றூரில் நடந்த இந்த வழக்கு பாதிக்குமேல் ஏற்பாடு செய்த வழக்கு, இதை மறந்துவிட்டால் எதுவும் புரியாது. ஜான் பட்லர் என்ற விவசாயி, மாநில சட்டமன்ற உறுப்பினர், அவர் கொண்டுவந்த மசோதா 1925 மார்ச்சில் சட்டமானது. அரசுப் பணத்தில் நடக்கிற எந்தப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும், பைபிள் சொல்கிற மனிதப் படைப்பை மறுத்து மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தான் என்று கற்பிக்கக் கூடாது. மீறினால் 100 முதல் 500 டாலர் அபராதம். கவர்னர் ஆஸ்டின் பீ கையெழுத்துப் போட்டார். உடனே அமெரிக்க சிவில் உரிமைகள் யூனியன், இந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு ஆசிரியர் முன்வந்தால் வழக்குச் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று பத்திரிகையில் அறிவித்தது.

அந்த அறிவிப்பு டேட்டனில் ஜார்ஜ் ராப்பிலியா என்ற சுரங்க மேலாளர் கண்ணில் பட்டது. ஊர் நொடிந்து கிடந்த காலம், மக்கள்தொகை 2,000-ஐக்கூடத் தொடாது. இப்படி ஒரு வழக்கு வந்தால் ஊருக்குப் பேர் கிடைக்கும், நாலு காசும் வரும் என்று ராபின்சன் என்பவரின் மருந்துக்கடையில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். ஜான் ஸ்கோப்ஸ், 24 வயது, பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளர், பொது அறிவியலும் நடத்துவார். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் உயிரியல் ஆசிரியரே இல்லை, உயிரியல் ஆசிரியர் வராத நாட்களில் வகுப்பைப் பார்த்துக்கொண்டவர். பரிணாமம் நடத்தினோமா என்பது அவருக்கே சரியாக நினைவில்லை. சரி, என் பேரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி டென்னிஸ் ஆடப் போய்விட்டார். இன்னொரு வேடிக்கை, எந்தப் பாடப்புத்தகத்தால் வழக்கு வந்ததோ, ஹண்டர் எழுதிய "சிவிக் பயாலஜி", அது மாநில அரசே அங்கீகரித்த புத்தகம். அதை ஊரில் விற்றது அதே மருந்துக்கடை. கடைக்காரர் ராபின்சன்தான் பள்ளி வாரியத்தின் தலைவரும்!

ஜூலை 10-இல் விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், மூன்று முறை ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றவர், வெளியுறவுச் செயலாளராக இருந்தவர். எதிரில் டாரோ, ஆர்தர் ஹேஸ், டட்லி மலோன். சிகாகோவின் டபிள்யூஜிஎன் வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. ஊருக்குள் ஒரு சிம்பன்சிக்குக் கோட்டுச் சூட்டெல்லாம் மாட்டி வேடிக்கை காட்டினார்கள். மெய்யான சட்டப் போராட்டம் என்று பார்த்தால் அது சப்பென்று போனது. பரிணாமம் என்றால் என்ன என்று சொல்ல டாரோ தரப்பு விஞ்ஞானிகளை வரிசையாக அழைத்து வந்திருந்தது. நீதிபதி ரால்ஸ்டன், சட்டம் சரியா என்பது இங்கே கேள்வியில்லை, இவர் நடத்தினாரா இல்லையா என்பதுதான் கேள்வி என்று சொல்லி அந்தச் சாட்சியங்களை ஜூரியின் காதில் விழவிடவில்லை. விலங்கியலாளர் மேனார்ட் மெட்கால்ஃப் மட்டும் சாட்சி சொன்னார், அதுவும் ஜூரியை வெளியே அனுப்பிவிட்டு.

அந்தக் கடுப்பில்தான் டாரோ தரப்பு ஜூலை 20 அன்று பிரையனையே பைபிள் நிபுணராகச் சாட்சிக்கு அழைத்தது. வெயில், கூட்டம், மாடித் தளம் தாங்குமோ என்ற பயம், எல்லாம் சேர்ந்து கோர்ட்டைப் புல்வெளிக்கு மாற்றியிருந்தார்கள். யோனாவை மீன் விழுங்கியது, யோசுவா சூரியனை நிறுத்தியது, காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்று சுமார் 2 மணி நேரம் கேள்வி. பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் "நாள்" என்பது 24 மணி நேரமாகத்தான் இருக்க வேண்டியதில்லை என்று பிரையன் ஒப்புக்கொண்டது அவருடைய ஆதரவாளர்களையே முகம் சுளிக்க வைத்தது. நாம் கேள்விப்படுகிற "வறுத்தெடுத்தார்" கதை இந்த 2 மணி நேரம்தான். ஜூரி அதைக் கேட்கவேயில்லை. மறுநாள் நீதிபதி அந்த முழுச் சாட்சியத்தையும் பதிவிலிருந்து நீக்கிவிட்டார். இந்த வழக்கைப் பற்றி ஊரே பேசும்படி எழுதித் தள்ளிய நிருபர் மென்கென்கூட அதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார், பாவம்.

கடைசி நாள் டாரோ தன் கட்சிக்காரரைக் குற்றவாளி என்றே தீர்ப்புச் சொல்லும்படி ஜூரியைக் கேட்டார். மேல்முறையீட்டுக்குப் போக அதுதான் வழி. பிரதிவாதி தரப்பு நிறைவுரையைத் துறந்ததால் எதிர்த்தரப்புக்கும் அந்த வாய்ப்பு இல்லை, அதாவது பிரையன் மாதக்கணக்கில் தயாரித்து வைத்திருந்த உரை பெட்டியிலேயே தங்கிப்போனது. ஜூரி 9 நிமிடத்தில் திரும்பியது. குற்றவாளி. ஐந்து நாள் கழித்து, ஜூலை 26 அன்று, பிரையன் டேட்டனிலேயே தூக்கத்தில் இறந்துபோனார்.

மேல்முறையீடு இன்னும் அபத்தம். டென்னசி அரசியல் சட்டப்படி 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிதான் நிர்ணயிக்க வேண்டும், இங்கே நீதிபதி நிர்ணயித்துவிட்டார். 1927 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதைக் காரணம் காட்டித் தண்டனையை ரத்து செய்தது. சட்டம் செல்லும் என்றும் சொன்னது. இந்த விசித்திர வழக்கை இழுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, கைவிடுங்கள் என்று அரசு வழக்கறிஞருக்கு யோசனையும் சொன்னது. ஆக, வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக ஒரு தண்டனையே மிஞ்சவில்லை. டாரோ போட்ட திட்டம் அங்கேயே முடிந்தது. 1926-இல் மிசிசிப்பியும் 1928-இல் ஆர்கன்சாவும் இதேபோல் தடை கொண்டுவந்தன, பாடப்புத்தகக் கம்பெனிகள் வம்பு வேண்டாம் என்று பரிணாமத்தை அடக்கி வாசிக்க ஆரம்பித்தன. ஜெயித்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள். பின்னாளில் வந்த நாடகமும் படமும்தான் டாரோவை ஜெயிக்க வைத்தன.

ஞாயிறு பள்ளி:

பழைய பேப்பர் அண்ணே, நல்லா எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பிரையனைச் சிம்பன்சியோடு சேர்த்து ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் விசுவாசி, அதை மறைக்கவில்லை. பிரையன் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்றவர், பணக்காரர்களுக்கு வருமான வரி வேண்டும் என்றவர், அமெரிக்கா முதல் உலகப் போருக்குள் இழுபடுமோ என்று வெளியுறவுச் செயலாளர் பதவியையே 1915-இல் தூக்கி எறிந்தவர். வலுத்தவன் வாழ்வான் என்கிற பேச்சை மனித சமுதாயத்துக்கும் பொருத்தினால் ஏழைக்கு என்ன கதி என்று அவர் பயந்தார்.

அந்தப் பயம் வெறும் கற்பனையா? அதே "சிவிக் பயாலஜி" புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மனித இனங்களை ஐந்தாகப் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைத்திருக்கிறது. குற்றம், மனநலக் குறைபாடு, வறுமை எல்லாம் பரம்பரை என்று சில குடும்பங்களைக் காட்டி, அவர்களைச் சமுதாயத்தின் ஒட்டுண்ணிகள் என்கிறது, இவர்கள் விலங்குகளாக இருந்தால் பெருகாமலிருக்கக் கொன்றுவிடுவோம், மனிதர்கள் என்பதால் பிரித்து அடைத்து வைக்கலாம், கல்யாணத்தைத் தடுக்கலாம் என்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் படித்த அரசுப் பாடப்புத்தகம் இது! டேட்டன் கதை சொல்கிறவர்கள் இந்தப் பக்கங்களை மட்டும் புரட்டாமல் போவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

வாசகன் நண்பர் கேட்ட மூன்றாவது கேள்விதான் பிரையனின் வாதமும். சம்பளம் கொடுக்கிற மக்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்க உரிமை இல்லையா? இதற்கு நேரடியான பதிலை நானும் படிக்க ஆசைப்படுகிறேன்.

வாய்தா:

நேரடியான பதில்: பாடத்திட்டத்தைத் தீர்மானிக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அதை எந்த அமெரிக்க நீதிமன்றமும் மறுக்கவில்லை. 1927-இல் டென்னசி உச்ச நீதிமன்றம் சொன்னதே அதுதான், ஸ்கோப்ஸ் அரசு ஊழியர், என்ன வேலை செய்ய வேண்டும் என்று முதலாளியான அரசு சொல்லலாம். ஆசிரியருக்குத் தோன்றியதை நடத்த உரிமை கிடையாது, இது இரு பக்கத்துக்கும் பொருந்தும். பின்னாளில் வகுப்பில் படைப்புவாதத்தை (கடவுளே உயிர்களைப் படைத்தார் என்ற வாதத்தை) நடத்தியே தீருவேன் என்று கோர்ட்டுக்குப் போன ஆசிரியர்களும் தோற்றுத்தான் திரும்பினார்கள், 1990-இல் இல்லினாயிலும் 1994-இல் கலிபோர்னியாவிலும்.

உரிமைக்கு வரம்பு எங்கே வருகிறது என்றால், அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில். அரசு மதத்தை நிறுவும் சட்டம் இயற்றக் கூடாது என்கிறது அது. 1925-இல் டாரோவுக்கு இது கை கொடுக்கவில்லை, காரணம் எளிது, அந்தக் காலத்தில் இந்த விதி மைய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1947-இல், எவர்சன் வழக்கில். டேட்டன் கதையில் இந்த ஒரு தகவலைச் சேர்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், ஆனால் யாரும் சேர்ப்பதில்லை, புல்வெளிக் காட்சி அளவுக்கு இதில் ருசி இல்லையே.

அடுத்து 1957-இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்டது. அமெரிக்காவுக்கு அறிவியல் கல்வி பற்றிய பதற்றம் பிடித்தது, மைய அரசின் பணத்தில் புதிய உயிரியல் பாடப்புத்தகங்கள் எழுதப்பட்டன, 1960-களில் பரிணாமம் பாடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது. ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் சூசன் எப்பர்சன் என்ற இளம் உயிரியல் ஆசிரியை. 1965-இல் பள்ளி நிர்வாகம் அவர் கையில் கொடுத்த புதுப் புத்தகத்தில் பரிணாமம் இருக்கிறது. அதை நடத்தினால் 1928 சட்டப்படி குற்றம், வேலையும் போகும். நடத்தாவிட்டால் கொடுத்த வேலையைச் செய்யவில்லை. அவர் கேட்டது, எது சரி என்று சொல்லுங்கள் என்பதைத்தான். 1968-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. தீர்ப்பு எழுதிய ஏப் ஃபோர்ட்டஸ், டென்னசியின் மெம்ஃபிஸில் வளர்ந்தவர், ஸ்கோப்ஸ் விசாரணை நடந்தபோது அங்கே பள்ளிப் பையன்.

உங்கள் நண்பரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: ஆர்கன்சாவின் அந்தச் சட்டம் சட்டமன்றம் நிறைவேற்றியதுகூட இல்லை, 1928-இல் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தது. பெரும்பான்மையின் விருப்பம் என்பதற்கு இதைவிட உறுதியான அத்தாட்சி இருக்க முடியாது. அப்படியும் விழுந்தது. ஏன் என்றால் நீதிமன்றம் "பெரும்பான்மை விரும்பியதா" என்று கேட்கவில்லை, "இத்தனை பாடங்களில் இந்த ஒரு பாடத்தை மட்டும் ஏன் பிடுங்கினாய்" என்று கேட்டது. ஒரு மதப்பிரிவு ஆதியாகமத்தைப் படிக்கிற விதத்தோடு மோதுகிறது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல மாநிலத்தால் முடியவில்லை. நீதிபதி ஹியூகோ பிளாக் முடிவை ஒப்புக்கொண்டு வழியை ஒப்புக்கொள்ளாமல் தனியாக எழுதினார், சர்ச்சையான பாடத்தை ஒரு மாநிலம் முழுசாக விட்டுவிட நினைத்தால் என்ன தப்பு என்கிற மாதிரி. அது கொஞ்சம் கனமான கேள்விதான்.

பெரும்பான்மை பற்றி இன்னொன்று. மேற்கு வர்ஜீனியாவில் கொடிக்கு வணக்கம் செலுத்த மாட்டோம் என்ற யெகோவாவின் சாட்சிகள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கினார்கள். 1943-இல் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு வந்தது, அடிப்படை உரிமைகளை ஓட்டெடுப்புக்கு விட முடியாது என்று நீதிபதி ஜாக்சன் எழுதினார். விசுவாசிகளைக் காப்பாற்றியதும் அதே கொள்கைதான், ஞாயிறு பள்ளி சார்.

இதற்கப்புறம் தடை போடுவது முடியாது என்று ஆனது. சரி, சரிசமமாக நடத்துங்கள் என்று கேட்டார்கள். பரிணாமம் நடத்தினால் "படைப்பு அறிவியலும்" நடத்த வேண்டும் என்று 1981-இல் ஆர்கன்சாவும் லூசியானாவும் சட்டம் போட்டன. ஆர்கன்சா சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் பட்டியலைப் பார்த்தால் நாத்திகர் சங்கம் மாதிரி இருக்காது. முதல் வாதியான மக்லீன் மெத்தடிஸ்ட் போதகர். கத்தோலிக்க, மெத்தடிஸ்ட், எபிஸ்கோபல் பிஷப்புகள் வாதிகள். விஞ்ஞானிகளோடு சேர்ந்து இறையியலாளர் லாங்டன் கில்கியும் அவர்கள் பக்கம் சாட்சி சொன்னார். அரசு எங்கள் வேதத்தை அறிவியல் பாடமாக்கினால் கெட்டுப்போவது வேதம்தான் என்பது அவர்களில் பலருடைய கவலை. 1982 ஜனவரியில் நீதிபதி ஓவர்ட்டன் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார். லூசியானா சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1987-இல் 7-க்கு 2 என்று விழுந்தது, அதுதான் எட்வர்ட்ஸ் வழக்கு.

அரைகுறை வாசகன்:

அருமை, நண்பனுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். ஓட்டெடுப்பு விஷயத்தைப் படித்துவிட்டு "யோசிக்கிறேன்" என்றான், அவனிடமிருந்து அதுவே பெரிய விஷயம்.

இரண்டாவது சந்தேகம் இன்னும் பாக்கி. நீதிபதிக்கு உயிரியல் எப்படித் தெரியும்?

மைட்டோகாண்ட்ரியா டீச்சர்:

தெரியாது. அதனால்தான் 2005-இல் பென்சில்வேனியாவில் நடந்த டோவர் வழக்கின் ஆறு வார விசாரணையில் வாதிகள் தரப்பு நீதிபதிக்கு உயிரியல் வகுப்பே எடுத்தது. இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கு இது, நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

டோவர் ஒரு சின்ன ஊர். 2004 அக்டோபரில் பள்ளி வாரியம் 6-க்கு 3 ஓட்டில் ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் பரிணாமத்துக்கு முன்னால் ஒரு அறிக்கை வாசிக்க வேண்டும்: டார்வின் கோட்பாட்டில் ஓட்டைகள் இருக்கின்றன, "அறிவார்ந்த வடிவமைப்பு" என்று, அதாவது உயிர்களை ஏதோ ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்று, வேறொரு விளக்கம் இருக்கிறது, வேண்டுமானால் நூலகத்தில் "ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்" என்ற புத்தகத்தைப் பாருங்கள். ஒரு நிமிட அறிக்கைதான். அறிவியல் ஆசிரியர்கள் நாங்கள் வாசிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் 2005 ஜனவரியில் நிர்வாகிகள் வகுப்புக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். (ஆசிரியை என்ற முறையில் அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மேலிடம் சொன்னதைச் செய்ய மறுப்பது எங்கள் தொழிலில் லேசான காரியமில்லை.) 11 பெற்றோர் வழக்குப் போட்டார்கள்.

நீதிபதி ஜான் ஜோன்ஸ். ஜார்ஜ் புஷ் நியமித்தவர், குடியரசுக் கட்சிக்காரர், முன்பு மாநில மதுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர். ஜூரி கிடையாது, அவரே கேட்டு அவரே முடிவு செய்ய வேண்டும். வாதிகளின் முதல் சாட்சி கென்னத் மில்லர், உயிரணு உயிரியலாளர், உயிரியல் பாடப்புத்தகம் எழுதியவர், கத்தோலிக்கர். அவர் எடுத்துக்காட்டிய ஒரு சான்றை நான் இன்றைக்கும் வகுப்பில் பயன்படுத்துகிறேன். பெரிய குரங்கினங்களுக்கு 24 ஜோடி நிறப்புரிகள் (குரோமோசோம்கள்), நமக்கு 23. பொது மூதாதை உண்மை என்றால் அந்த ஒரு ஜோடி எங்கே போனது? காணாமல் போயிருக்க முடியாது, இழப்பு உயிருக்கே ஆபத்து. அப்படியானால் இரண்டு ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும், ஒட்டிய தழும்பு இருக்க வேண்டும். நம் இரண்டாம் நிறப்புரியைப் பார்த்தால், முனையில் மட்டுமே இருக்க வேண்டிய டிஎன்ஏ வரிசை நடுவில் கிடக்கிறது, செயலிழந்த இரண்டாவது மையப்பகுதியின் மிச்சமும் இருக்கிறது. தப்பாகப் போயிருக்கக்கூடிய ஒரு கணிப்பு, சரியாக வந்தது. உயிரியல் படிக்காத நீதிபதிக்கும் இது புரியும்.

எதிர்த்தரப்பின் பெரிய சாட்சி மைக்கேல் பீஹி, உயிர்வேதியியலாளர். பாக்டீரியா நீந்த உதவும் வால் போன்ற கசையிழையில் ஒரு பாகத்தை எடுத்தாலும் ஒன்றுக்கும் உதவாது, எனவே அது படிப்படியாக வந்திருக்க முடியாது என்பது அவர் வாதம். அதன் பாகங்களில் ஒரு பகுதியைப் போன்ற அமைப்பு சில பாக்டீரியாக்களில் நச்சைச் செலுத்தும் ஊசியாக வேலை செய்கிறது என்று மில்லர் ஏற்கெனவே காட்டியிருந்தார். நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலில் பதிலே இல்லை என்று பீஹி எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் அதைப் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும் 9 புத்தகங்களையும் அவர் முன்னால் அடுக்கினார்கள். இது போதாது என்றார். அவர் வைத்திருக்கிற வரையறைப்படி ஜோதிடமும் அறிவியல் கோட்பாடு ஆகிவிடுமா என்று கேட்டபோது, ஆகும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

வழக்கை முடித்தது உயிரியல்கூட இல்லை, பழைய கைப்பிரதிகள். பார்பரா ஃபாரஸ்ட் என்ற தத்துவப் பேராசிரியர், அந்தப் "பாண்டாஸ்" புத்தகத்தின் அச்சுக்குப் போகாத வரைவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பழைய வரைவுகளில் "படைப்பு" என்று இருந்த சுமார் 150 இடங்களில் "அறிவார்ந்த வடிவமைப்பு" என்று மாறியிருந்தது. விளக்கம் அதேதான். எப்போது மாறியது? 1987-இல், எட்வர்ட்ஸ் தீர்ப்பு வந்த கையோடு. ஓரிடத்தில் அவசரத்தில் "படைப்புவாதிகள்" என்பதை முழுசாக அழிக்காமல் அதன் நடுவிலேயே "வடிவமைப்பு ஆதரவாளர்கள்" என்று ஒட்டிவிட்டார்கள், இரண்டும் கலந்த ஒரு உளறல் சொல் அப்படியே நின்றுவிட்டது. இதைப் புரிந்துகொள்ள டாக்டர் பட்டம் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

அப்புறம் வாரிய உறுப்பினர்கள். நூலகத்துக்குப் புத்தகங்களை யார் வாங்கிக் கொடுத்தது என்று தெரியாது என்றார்கள், பணம் ஒரு உறுப்பினரின் தேவாலயத்தில் திரட்டியது என்று கோர்ட்டில் வெளிவந்தது. நீதிபதியே நேரடியாகக் கேள்வி கேட்கும் அளவுக்குப் போனது. 2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பு: அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் இல்லை, அது தன் மத வேரிலிருந்து பிரிய முடியாதது. மதப்பற்றைப் பெருமையாகப் பேசியவர்களே தடயத்தை மறைக்கத் திரும்பத் திரும்பப் பொய் சொன்னதைக் கடுமையாகவே எழுதினார். அதற்குள், நவம்பரிலேயே, டோவர் மக்கள் தேர்தலில் நின்ற எட்டு பழைய உறுப்பினர்களையும் தோற்கடித்துவிட்டார்கள், பெரும்பான்மை பற்றிக் கவலைப்படும் நண்பர் இதையும் கவனிக்கலாம். புது வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை. வாதிகளின் வக்கீல் செலவுக்கு 10 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. நீதிபதிக்குக் கொலை மிரட்டல் வந்து பாதுகாப்புப் போட்டார்கள்.

ஞாயிறு பள்ளி:

வாரியத்துக்காரர்கள் பொய் சொன்னது எங்களுக்குத்தான் அவமானம், அதில் வாதாட எனக்கு எதுவுமில்லை. நிறப்புரி ஒட்டிய கதையோடும் எனக்குச் சண்டையில்லை, கடவுள் எந்த வழியில் படைத்தார் என்பதில் நான் அடம் பிடிப்பவன் இல்லை.

ஆனால் நீதிபதி ஒருவர் "அறிவியல் என்றால் இதுதான்" என்று இலக்கணம் எழுதியது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. இது விசுவாசியின் புலம்பல் மட்டுமில்லை. 1982 ஆர்கன்சா தீர்ப்பிலும் ஓவர்ட்டன் ஒரு இலக்கணம் கொடுத்தார், பொய்ப்பிக்கத்தக்கதாக, அதாவது தவறாக இருந்தால் சோதித்துக் காட்டக்கூடியதாக, இருக்க வேண்டும் என்பது போல. லாரி லாடன் என்ற அறிவியல் தத்துவ அறிஞர், படைப்புவாதத்தின் பக்கம் நிற்காதவர், அந்தத் தீர்ப்பு சரியான முடிவுக்குத் தவறான வழியில் போய்விட்டது என்று எழுதினார். உலகம் சில ஆயிரம் வருஷம்தான் பழையது என்பது பொய்ப்பிக்கத்தக்கதுதான், பொய்ப்பித்தும் ஆயிற்று, அதைச் சோதிக்கவே முடியாதது என்று சொல்வானேன் என்பது அவர் கேள்வி. எட்வர்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா எழுதிய மாறுபட்ட தீர்ப்பும் எனக்கு நியாயமாகப் படுகிறது: சட்டமன்றத்தில் நூறு பேர் நூறு காரணத்துக்குக் கை தூக்குவார்கள், அவர்கள் எல்லார் மனசிலும் மதம்தான் இருந்தது என்று கோர்ட் எப்படிக் கண்டுபிடிக்கும்?

வாய்தா:

லாடன் சொன்னதில் எனக்கும் பாதி உடன்பாடு. அதனால்தான் டோவர் தீர்ப்பில் அறிவியலுக்கு இலக்கணம் சொல்லும் பகுதி இல்லாவிட்டாலும் முடிவு மாறியிருக்காது என்று நினைக்கிறேன். வரைவுகளும் வாரியக் கூட்டப் பேச்சுகளும் நோக்கத்தைக் காட்டப் போதுமானவை. தப்பான அறிவியலைப் பாடமாக வைப்பதை அமெரிக்க அரசியல் சட்டம் தடுக்கவில்லை. ஒரு பள்ளி வாரியம் நாளைக்கே பூமியை எட்டுக்கால் ஆமை சுமக்கிறது என்று மத நோக்கம் எதுவுமில்லாமல் பாடம் வைத்தால், அதற்கு மருந்து தேர்தல்தான், கோர்ட் இல்லை.

ஸ்காலியா விஷயத்துக்கு வந்தால், அவர் காற்று இப்போது பலமாக வீசுகிறது. எட்வர்ட்ஸ் தீர்ப்பு நின்றது 1971-இன் லெமன் வழக்குச் சோதனைமேல், அதாவது சட்டத்துக்கு மதச்சார்பற்ற நோக்கம் இருக்கிறதா என்ற கேள்வி. 2022-இல் கென்னடி வழக்கில், ஆட்டம் முடிந்து மைதானத்தில் ஜெபித்த ஒரு கால்பந்துப் பயிற்சியாளருக்கு (டேட்டனிலும் கால்பந்துப் பயிற்சியாளர்தான், பாருங்கள்) ஆதரவாக 6-க்கு 3 தீர்ப்பு வந்தது. லெமன் சோதனையைக் கைவிட்டாயிற்று, இனி வரலாற்று நடைமுறையைப் பார்ப்போம் என்று அதில் நீதிபதி கோர்சச் எழுதினார். எட்வர்ட்ஸை யாரும் ரத்து செய்யவில்லை, அதற்கு முந்தைய எப்பர்சனும் நிற்கிறது. ஆனால் எட்வர்ட்ஸின் அடித்தளத்தில் ஒரு கல் உருவப்பட்டுவிட்டது.

இப்போது தடை என்றோ சமநேரம் என்றோ மசோதா எழுதுவது குறைந்துவிட்டது. 2008-இல் லூசியானாவும் 2012-இல் டென்னசியும், அதே டென்னசிதான், வேறு மாதிரிச் சட்டம் கொண்டுவந்தன. டென்னசி சட்டத்தில் படைப்பு, வடிவமைப்பு எதுவும் இல்லை. பரிணாமம், புவி வெப்பமாதல், மனிதப் படியாக்கம் (குளோனிங்) போன்றவற்றின் "அறிவியல் பலங்களையும் பலவீனங்களையும்" அலசும் ஆசிரியரை நிர்வாகம் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான். கவர்னர் கையெழுத்துப் போடாமலே அது சட்டமாக விட்டுவிட்டார். இதைச் சும்மா காகிதத்தில் வைத்து எதிர்த்து வழக்குப் போடுவது கஷ்டம். ஏதாவது ஒரு வகுப்பில் ஒரு ஆசிரியர் அதை வைத்து எதையாவது நடத்த வேண்டும், ஒரு பெற்றோருக்கு அது பிடிக்காமல் போக வேண்டும், அந்தப் பெற்றோர் ஊரைப் பகைத்துக்கொண்டு பேரைக் கொடுக்கத் துணிய வேண்டும்.

பழைய பேப்பர்:

அந்தக் கடைசிப் பகுதிக்கு டேட்டனில் மருந்துக்கடையில் ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. வாய்தா சார், கென்னடி தீர்ப்புக்குப் பிறகு கீழ்க் கோர்ட்டுகள் என்ன செய்கின்றன என்று நேரம் கிடைத்தால் தனி இழையாகப் போடுங்கள், இதில் போட்டால் தேடுகிறவர்களுக்கு அகப்படாது.